புதுப்பிப்பு: பஞ்சு போல அமுங்கிய பிரேக் மிதி

வாங்க நினைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் மிதி பஞ்சு போல அமுங்குகிறதே, விட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு மிதியை நாலைந்து முறை அழுத்தினேன். அப்புறம் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ததும் மிதி லேசாகத் தாழ்ந்தது. சரி, காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடித்தும் இறங்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. இறங்கியிருந்தால், மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பிரேக் ஆயிலோ கறுத்துப் போயிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 155 அளவிலேயே கொதிக்கலாம்.

விற்பவர் சம்மதித்தார். ஆயிலை மாற்றி, குழாயிலிருந்த காற்றையும் வெளியேற்றினோம். இப்போது மிதி கொஞ்சம் அமுங்கியதுமே கெட்டியாகப் பிடிக்கிறது. வாங்கப் போகிறேன்.