பழைய வீடு: வாங்கும் முன்பே பழுதுச் செலவைக் கணக்குப் போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிப்படி:

இரண்டாவது முறையாக ஒரு பழைய வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். வயது 40க்கு மேல். முதல் தடவை நன்றாகச் சூடு பட்டுவிட்டதால், இந்தத் தடவை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பழுதுச் செலவை எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் போட்ட கணக்கு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலே வரி. பெயின்ட், குளியலறை டைல்ஸ், சமையலறை மேடை, இரண்டு சன்னல். பின்னறையில் ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தது. அதை ஒட்டி ஒரு பீரோ. விற்பவர் நல்ல மனுஷர், நமக்காகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். குடிபோய் மூன்றாவது மாதம், பீரோ நின்ற இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் அழுத்தினால் பூச்சு புழுதியாகக் கொட்டியது. மழை ஓதம் என்று நினைத்து வெளிச்சுவருக்கு மருந்து அடித்தோம். வீண் செலவு. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. உள்ளே புதைத்திருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் துரு தின்ற ஓட்டை, ஊசி முனை அளவுதான்.

அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம் என்று பிளம்பர் ரென்ச்சைப் போட்டுத் திருகினார். மரை பொடிந்து கையோடு வந்துவிட்டது. அடுத்த ஜாயின்ட்டும் அதே கதி. கடைசியில் முழு லைனும் மாறியது. அதற்காக உடைத்த டைல்ஸின் ஜோடி எங்கும் கிடைக்கவில்லை, ஆகவே நாலு சுவர் டைல்ஸும் போயின. வேலை முடிந்தபோது நாலு வரிப் பட்டியல் 23 வரி ஆகியிருந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால், பைப்புக்கும் பிளம்பர் கூலிக்கும் ஆனது கொஞ்சம்தான். உடைத்ததற்கும் உடைத்ததை மூடியதற்கும்தான் பணம் போயிருக்கிறது. அதனால் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று தொகை எழுதுகிறேன்: அந்த வேலையை எட்ட எதை உடைக்க வேண்டும், வேலைக்கு எவ்வளவு, திரும்ப மூட எவ்வளவு. இதில் நான் எதை விட்டிருக்கிறேன் என்று பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈரச்சுவர்:

கூரைத் தளத்தை விட்டிருக்கிறீர்கள். அண்ணாந்து பாருங்கள்.

நாங்கள் பார்த்த வீட்டில் குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே, கூரையின் அடிப்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. கூட வந்த மேஸ்திரி, “பேட்ச் போட்டுடலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அவருக்குரிய கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போனேன். அவர் சுத்தியலின் மரப்பிடியால் கூரையை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கெட்டிச் சத்தம். கம்பி தெரிந்த இடத்திலிருந்து நாலு அடி தள்ளி, வெளியே ஒரு கோடுகூட இல்லாத இடத்தில், காலிப் பெட்டியைத் தட்டினதுபோல் கேட்டது. அப்படிக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடிக்கும்போது கூரையில் பாதிக்கு மேல் வட்டம்தான்.

துருப்பிடித்த இரும்பு, பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் உள்ளிருந்து கான்கிரீட்டை நெட்டித் தள்ளுகிறது என்று விளக்கினார். மேலே சிமென்ட் பூசி மூடினாலும் உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி ஓரிடத்தில் கொஞ்சம் கொத்திப் பார்த்தோம். கம்பியை காலிப்பரில் அளந்தால் பாதி கனம்தான் மிச்சம். அந்தத் தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் தொகையையும் வீட்டு விலையையும் கூட்டினால், அதே தெருவில் புதிய வீடே வாங்கலாம். விட்டுவிட்டோம். இன்ஜினியர் கட்டணம்தான் நஷ்டம். அந்தச் சின்ன முற்றத்தின் மேல் ஆசை வைத்திருந்த என் மனைவி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை எந்தப் பட்டியலில் எழுத?

மெயின்சுவிட்ச்:

சுருக்கமாக. ஸ்விட்ச் போர்டெல்லாம் புதுசாக இருக்கிறதே என்று வயரிங்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன். மேலே புதுத் தட்டு, உள்ளே பழைய வயர். வளைத்தால் மேலுறை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பாதிப் பிளக்குகளில் மூன்று துளை இருக்கிறது, மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டு இரண்டு போர்டையாவது கழற்றிப் பாருங்கள். கணக்குப் போடும்போது அறையை எண்ணாதீர்கள், பாயின்ட்டை (விளக்கு, ஃபேன், பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட்) எண்ணுங்கள். ஏசி, ஹீட்டர், மின் அடுப்புக்குத் தனித் தனி லைன். பழைய இணைப்பு அந்த லோடைத் தாங்காது என்றால் அதைக் கூட்டுவதற்குக் கட்டணம், காத்திருப்பு இரண்டும் உண்டு. அப்புறம், சுவரைக் கீறி வயர் இழுத்தால் பூச்சும் பெயின்ட்டும் மறுபடி. மாடிப்படி சொன்ன மூன்றாவது தொகை இங்கேதான் கடிக்கும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் சுவரையும் கூரையையும் பார்க்கிறீர்கள். என்னைக் கவிழ்த்தது காகிதம்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தன. குறைவாகச் சொன்னவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொடுத்தது ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒற்றை வரி. புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு அது சரி. பழுது வேலைக்கு அப்படிச் சொன்னால் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று யாருக்கும் தெரியாது. வேலை ஆரம்பித்த பிறகு தெரிந்தது: அந்தத் தொகையில் சாரம் கட்டுவது இல்லை, இடித்ததை அள்ளிப் போடுவது இல்லை, பழைய கதவைக் கழற்றுவது இல்லை. இடிபாடு மட்டும் 11 லோடு போனது. பூச்சைக் கொத்தி எடுத்தால் குவியல் எவ்வளவு பெரிதாகும் என்று நேரில் பார்க்காதவர்களுக்குப் புரியாது.

இரண்டாவது வீட்டுக்கு நானே பட்டியல் போட்டேன். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை அடி பைப், எத்தனை பாயின்ட், கழிவு அகற்றுவது யார். அதே பட்டியலை மூவருக்கும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் தனி விலை கேட்டேன். ஒருவர் “இவ்வளவு நுணுக்கமா எழுதிக் கேட்டா எனக்குச் சரிப்படாது சார்” என்று ஒதுங்கிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று. மற்ற இருவரின் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. அந்தத் தாளைத்தான் விற்பவர் முன்னால் வைத்தேன். விலையை இன்னும் குறையுங்கள் என்று வாயால் கேட்டபோது சிரித்த மனிதர், தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தளத்துக்கான தொகையை மட்டும் விலையில் கழித்துக்கொண்டார்.

இன்னொன்று, நாள் கணக்கு. இரண்டு மாதத்தில் முடியும் என்றார்கள், ஐந்து ஆனது. அந்த ஐந்து மாதமும் இருக்கும் வீட்டுக்கு வாடகை, வாங்கிய வீட்டுக்குக் கடன் தவணை. வங்கி, வீட்டுக்குத் தான் போட்ட மதிப்பை வைத்துத்தான் கடன் கொடுக்கிறது. நான் பழுதுக்கு எழுதிய தொகை அதில் வரவில்லை. கையிருப்பை முழுக்க முன்பணமாகக் கொடுத்துவிட்டு நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும். எதிர்பாராததற்கு 10 சதவீதம் ஒதுக்கியிருந்தேன், அது தரையைக் கொத்திய முதல் வாரத்திலேயே தீர்ந்தது. இப்போது யார் கேட்டாலும் 20க்குக் குறைக்காதீர்கள், மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் பார்க்க முடியாத வீடு என்றால் 30 என்கிறேன்.

சும்மாஒருத்தன்:

கணக்குப்பிள்ளையோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய நினைப்பதால்தான் பட்டியல் மிரட்டுகிறது. நாங்கள் கூரை ஒழுகல், தண்ணீர், வயரிங் மூன்றுக்கு மட்டும் முதலில் பணம் ஒதுக்கிக் குடிபோனோம். சமையலறை நாலாவது வருஷம்தான். அதுவரை கதவில்லாத அலமாரியை வைத்துக்கொண்டுதான் சமைத்தோம், யாரும் சாகவில்லை.

ஆனால் ஒரு மடத்தனம் செய்தேன், சொல்கிறேன். உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று தரைக்கு முதலில் டைல்ஸ் போட்டேன். அடுத்த வருஷம் கழிவுநீர்ப் பைப் அடைத்தது. புது டைல்ஸுக்கு நடுவே ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாய்க்கால் வெட்டினோம்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் வைத்து உடைத்துப் போடுகிற சாமான் இல்லை அது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. முறையாகக் கழற்றி அகற்றுவதற்குத் தனிச் செலவு. பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

மாடிப்படி:

எல்லாருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூரையைத் தட்டிப் பார்த்தேன், என் காதுக்குக் கெட்டியாகத்தான் கேட்கிறது. ஆனாலும் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். குழாய்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி வாட்டர் மீட்டரைப் பார்த்தேன். முள் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் “அது பழைய மீட்டர், அப்படித்தான்” என்றார். நிலைக்கதவின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓரங்குலம் உள்ளே போகிறது, கரையான். பட்டியல் இப்போதைக்கு 17 வரி.

ஒரு சின்ன விஷயம். இந்த வீட்டிலும் பின்னறையில் சுவரை ஒட்டி ஒரு பீரோ நிற்கிறது. நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். கனம், தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, சாவியும் இல்லை என்று மூன்று காரணம் ஒரே மூச்சில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாலு ஆளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.