மறு: செக்சம் – சரிபார்ப்புத்தொகையா, ஒப்புத்தொகையா?

> சரிபார்ப்புத்தொகை என்றே இருக்கட்டுமே, புதுச்சொல் எதற்கு?

அண்ணாச்சி, வணக்கம். எதற்கு என்றால், கணினித் திரையில் வரும் ‘செக்சம்’ (checksum) என்பதற்கு நீங்கள் சொல்லும் அந்தத் தமிழ்ச்சொல்லைப் பாளையங்கோட்டையில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அத்தான் அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். பில் போடுகிற கணினியைப் போட்டால் தினமும் கறுப்புத் திரையில் ‘சீமாஸ் செக்சம் எரர்’ என்று வந்து நிற்கும். எஃப்1 அழுத்தினால் மேலே போகும். அழுத்தி அழுத்தி அவருக்கு அது பழகிப்போனது. பில்லில் தேதி பல வருஷம் பின்னால் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தது. ராத்திரி கடை சாத்தும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார். அந்நேரம் கடிகாரத்தையும், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலின் அமைப்புகளையும் காப்பது அந்த 3 வோல்ட் செல் மட்டும்தான். புதுசு போட்டு, பயாஸில் தேதியைத் திருத்திச் சேமித்ததும் சரியாகிவிட்டது.

“அது என்னதான் சொல்லுச்சு?” என்று கேட்டார். ‘சரிபார்ப்புத்தொகைப் பிழை’ என்றேன். முழித்தார். அப்புறம் அவருடைய சிட்டையையே எடுத்துக் காட்டினேன். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதி வைக்கிறார். மறுநாள் திரும்பக் கூட்டி அதோடு ஒத்துப் பார்க்கிறார். நடுவில் ஓர் எண் அழிந்திருந்தால் ஒத்துவராது. கணினி செய்வதும் இதுதான். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியிலேயே, இந்த அமைப்புகளை வைத்திருக்கும் 64 பைட் சீமாஸ் நினைவகத்தில் 30 பைட்டைக் கூட்டி, வந்த தொகையை இரண்டு பைட்டில் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் மறுபடி கூட்டிப் பார்க்கும்.

“அப்போ கணக்கு உதைக்குன்னு சொல்லும்வே!” என்றார் அத்தான்.

என் வாதமும் அதுதான். சரிபார்ப்பு என்பது நாம் செய்கிற வேலை. அடியில் எழுதி வைத்த தொகையோ ஒரு பொருள். பின்னால் ஒப்பிடவென்றே வைத்தது. அதனால் ‘ஒப்புத்தொகை’. ஒப்புதல், ஒப்பாரி எல்லாம் நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், ‘ஒப்புநோக்கு’ என்பதைத் தயங்காமல் எழுதுகிறோமே.

‘பிழை’யும் எனக்கு உடன்பாடில்லை. கூட்டிய கணினி பிழை செய்யவில்லை, எழுதி வைத்தவை கலைந்து போயின. ‘ஒப்புத்தொகை முரண்’ என்றால் நடந்தது விளங்கும்.

பதிவிறக்கிய கோப்பைச் சோதிக்கும் ஷா256-க்கும் இதே சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு வரியில் பத்து கூடி இன்னொன்றில் பத்து குறைந்தால் சிட்டைக் கூட்டல் ஏமாந்துபோகும்; ஷா256 அதற்கெல்லாம் ஏமாறாது. அதற்குத் தனி விவாத இழை தொடங்குவோம்.

திரையில் வரும் வாசகத்துக்கு என் முன்மொழிவு:

‘அமைப்புகளின் ஒப்புத்தொகை முரண்படுகிறது. தொடர எஃப்1 அழுத்துக.’

‘முரண்படுகிறது’ இருக்கிற இடத்தில் ‘உதைக்கிறது’ என்று போட எனக்கு ஆசைதான். இலங்கை நண்பர்களுக்கு அது விளங்குமா, கணினி காலால் உதைக்கிறது என்று படிப்பார்களா? சொல்லுங்கள்.