நடு நரம்பில்லாத இலை, வேரில் மணிமணியாக உருண்டை: இது என்ன கன்று?

கேள்வி
பெயர்ச்சீட்டு இல்லாத கன்று, ஒன்றரை அடி உயரம். இலை 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், தடிப்பு, பளபளப்பு. நடு நரம்பு கிடையாது. அடியிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகளாகவே ஓடுகிறது. ஊசியிலை மர இனம் என்கிறார்கள், நம்ப முடியவில்லை. நிழலிலிருந்து எடுத்து வெயிலில் வைத்த இரண்டு வாரத்தில் மேல் இலைகள் வெளுத்து, நடுவில் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது. பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் முழுக்கக் கடுகைவிடச் சிறிய உருண்டைகள். நூற்புழுதானே? வேரை நறுக்கிவிட்டு மருந்து ஊற்றலாமா?

பதில் 1
தயவுசெய்து வேரில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் நகேயா வாலிச்சியானாவுக்குப் பொருந்துகிறது; பழைய புத்தகங்களில் போடோகார்ப்பஸ் என்று இருக்கும். தென்னிந்தியக் காடுகளில் தானாக வளரும் கூம்புத் தாவரம், அதாவது ஊசியிலை இனம், இது ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல் பைன்கள் எல்லாம் கொண்டுவந்து நட்டவை. ஊசியிலை என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது.

இந்தக் குடும்பத்து மரங்களின் வேரில் உருண்டைகள் இருப்பது இயல்பு. உள்ளே வேர்ப்பூஞ்சை குடியிருந்து மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கிறது. சந்தேகமிருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இயல்பான உருண்டை ஒரே அளவில், வேரின் பக்கவாட்டில் வரிசையாக ஒட்டியிருக்கும். வேர் தன் தடிமனிலேயே நேராகப் போகும். நூற்புழு தாக்கினால் வேரே கோணல்மாணலாக வீங்கும். வீக்கத்தைப் பிளந்தால் முத்துப்போல வெள்ளைப் புழு தெரியும்.

பதில் 2
ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டங்களில் வைக்கும் அகாதிஸ் என்ற இன்னொரு ஊசியிலை இன மரத்தின் இலைக்கும் நடு நரம்பு கிடையாது. அதன் கொப்பைக் கீறினால் வெண்பிசின் கசிந்து கையில் ஒட்டும்.

கேட்டவர்
கீறினேன், பிசின் இல்லை. உருண்டைகளும் வரிசையாகத்தான் இருக்கின்றன. வெளுத்த இலையை என்ன செய்வது?

பதில் 1
அப்படியே விடுங்கள். வெளுத்தது திரும்பப் பச்சையாகாது, ஆனால் மிச்சப் பச்சை இன்னும் உணவு தயாரிக்கும். பசுமைமாறாக் காட்டின் அடிநிழலில் வளரும் கன்று இது. திடீரென வெயிலில் வைத்தால் நிழலில் துளிர்த்த இலை கருகத்தான் செய்யும். 75 சதவீத நிழல் வலைக்கு மாற்றி, புதுத் தளிர் முற்றிய பிறகு 50 சதவீதத்துக்கு வாருங்கள். காலை வெயில் படலாம், உச்சி வெயில் ஆகாது.

ஓர் அடி ஆழமுள்ள பை எடுங்கள். இலைமட்கு 2 பங்கு, செம்மண் 2, பருமணல் 1. பழைய மண்ணை உதறாமல், வேரைக் கழுவாமல் அப்படியே இறக்குங்கள்; பூஞ்சை அந்த மண்ணில்தான் இருக்கிறது. டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரம் போடவே கூடாது: மணிச்சத்து அதிகமானால் வேர் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. சுண்ணாம்பும் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் தளிர் மஞ்சளாகும், மழைநீர் நல்லது. மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் பையின் அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பதில் 2
இன்னும் கன்று வேண்டுமானால் விதைதான் சரி. உதிர்ந்ததும் சதைக்காம்பை நீக்கி உடனே ஊன்றுங்கள். உலர்த்தி வைத்த விதை முளைக்காது. பக்கக் கிளைக் குச்சியை நட்டால் வேர் பிடித்தாலும் நிமிராமல் பக்கவாட்டிலேயே படரும், நுனித்தண்டுதான் நேராக எழும். காட்டிலிருந்து கன்று பிடுங்க வேண்டாம்: ஆண், பெண் மரம் வேறுவேறு என்பதால் கன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் துணை மரம் இல்லாமல் போனால் அங்கே விதையே பிடிக்காது.