மறு: பேஸ்பால் ‘ஆப்ஷன்’ – அனுப்புரிமை என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஆப்ஷன் – விருப்பத்தேர்வு. மென்பொருளில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே, பேஸ்பாலுக்கும் அதையே வைத்துவிடலாம்.

இந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பேஸ்பால் சொல்லடைவை நண்பர்கள் மிகுந்த உழைப்போடு தொகுத்து வருகிறீர்கள். இன்னிங்ஸ், ஹோம் ரன் போன்றவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்ற முடிவும் எனக்குச் சம்மதம். ஆனால் ஆப்ஷனை மட்டும் விருப்பத்தேர்வு என்று ஏற்றிவிடாதீர்கள். படிக்கிறவர், வீரரிடம் ஏதோ விருப்பம் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். நடப்பது அதற்கு நேர் எதிர்: வீரரைக் கேட்காமலே அணி அவரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பிவிடும்.

நான் இருப்பது அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஆடும் சிகாகோ கப்ஸுக்கு அடுத்த படியான ட்ரிபிள்-ஏ அணி, அயோவா கப்ஸ், இங்கேதான் ஆடுகிறது. 1981 முதல் இந்த உறவு தொடர்கிறது. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் மைதானம்; நடுக்களத்துக்கு அப்பால் மாநிலச் சட்டமன்றத்தின் பொன் குவிமாடம் தெரியும். சிகாகோவில் கப்ஸ் ஆடும் ரிக்லி மைதானத்துக்குக் காரில் ஐந்து மணி நேரம். இங்கே ஆடும் ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து மணி நேரத் தொலைவுதான் கனவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாலை. நல்ல குளிர், கம்பளிப் போர்வையோடு போயிருந்தோம். ஆட்டத்துக்கு முன்பு வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் இளைஞர் இரண்டு பெரிய பைகளை இழுத்துக்கொண்டு வந்தார். பைகளின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சிகாகோ அணியில் இருந்தவர் என்பதை என் மகள்தான் முதலில் கண்டுகொண்டாள். பந்தை நீட்டினாள். பையைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். “எப்போது திரும்பிப் போவீர்கள்?” என்று அவள் கேட்டதற்கு, “கூப்பிடும்போது” என்றார். அந்தப் பந்து இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ‘விருப்பத்தேர்வு’ என்று படித்ததும் எனக்கு அந்தப் பைகளின் சீட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, விதிக்கு வருகிறேன். ஒரு மேஜர் லீக் அணி 26 பேரை ஆடும் குழாமில் வைத்துக்கொள்ளலாம். 2019 வரை 25 பேர்தான். செப்டம்பரில் மட்டும் இப்போது 28. இதற்கு வெளியே இன்னொரு வட்டம், நாற்பது பேர் பட்டியல். அந்த நாற்பதில் இருந்துகொண்டு இருபத்தாறில் இல்லாதவர்களை, காயப்பட்டோர் பட்டியல் போன்ற சில நிலைகள் நீங்கலாக, அணி கீழ்நிலை லீகுக்கு அனுப்பி வைக்கிறது. மற்ற அணிகள் குறுக்கே வந்து அவரைக் கொத்திக்கொண்டு போக முடியாதபடி அனுப்பும் அந்த அதிகாரத்துக்குப் பெயர்தான் ஆப்ஷன். அதிகாரம் அணியுடையது. வீரர் “மாட்டேன்” என்று சொல்ல வழியில்லை.

இந்த அதிகாரம் தீர்ந்துபோகக் கூடியது என்பதுதான் இதில் முக்கியம். ஒரு வீரர்மீது பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத்தான் இது செல்லும். கணக்கு, எத்தனை தடவை அனுப்பினார்கள் என்பதில் இல்லை. எத்தனை ஆண்டுகளில் அனுப்பினார்கள் என்பதில் இருக்கிறது. ஒரே சீசனில் நாலு தடவை மேலும் கீழும் போய்வந்தாலும் செலவாவது ஓர் ஆண்டுதான். ஆனால் அந்தச் சீசனில் கீழே கழித்த நாட்கள் மொத்தம் 20-ஐத் தொடவில்லை என்றால் அந்த ஆண்டு செலவே ஆகாது. முன்பெல்லாம் ஒரு சீசனில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம். 2022-இலிருந்து ஐந்து தடவைக்கு மேல் கூடாது. இளம் பந்தெறிவீரர்களை வாரம் ஒருமுறை பந்தாடியதற்கு அந்த வரம்பு வந்தது நல்ல காரியம்.

இன்னொன்றும் உண்டு. மேஜர் லீகில் ஐந்து ஆண்டு பணிக்காலம் நிறைந்துவிட்டால், மூன்றில் மிச்சம் இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. அணியின் உரிமை முடிகிற இடத்தில் வீரரின் உரிமை தொடங்குகிறது. இது உரிமைகளின் கணக்கு. அதனால் சொல்லிலும் உரிமை இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

அனுப்பு + உரிமை = அனுப்புரிமை.

வாக்குரிமை, காப்புரிமை, பதிப்புரிமை என்று நாக்குக்குப் பழகிய வார்ப்பில் இது தானாக வந்து விழுகிறது. ‘அனுப்புரிமை ஆண்டு’ என்று சொல்லலாம். ‘அவருக்கு இன்னும் ஓர் அனுப்புரிமை மீதி இருக்கிறது’ என்று சொல்லலாம். ‘அனுப்புரிமை தீர்ந்தவர்’ என்றால் விளக்கமே வேண்டாம்.

> காப்பு, வாக்கு எல்லாம் பெயர்ச்சொற்கள். அனுப்பு என்பது வினைப்பகுதி. அனுப்பலுரிமை என்றல்லவா வர வேண்டும்?

பெரியவர் ஐயா எழுப்பிய இந்தக் கேள்வியை நானும் நெடுநேரம் யோசித்தேன். வினைப்பகுதியோடு பெயர் சேர்வது நமக்குப் புதிதில்லையே ஐயா. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் எல்லாம் வினைத்தொகைதானே? அனுப்பிய உரிமை, அனுப்புகிற உரிமை, அனுப்பும் உரிமை என மூன்று காலத்துக்கும் இது விரியும். செலவழித்த ஆண்டையும் மீதி இருக்கும் ஆண்டையும் ஒரே சொல்லால் சொல்ல வேண்டிய இடத்தில் அது நமக்கு வசதியும்கூட. அனுப்பலுரிமையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஓர் எழுத்து கூடுதலாகப் புரள வேண்டியிருக்கிறது.

‘கீழிறக்கம்’ என்று மதுரை நண்பர் தந்த சொல்லும் இருக்கிறது. நல்ல தமிழ்தான், ஆனால் அது செயலின் பெயர், அதிகாரத்தின் பெயர் இல்லை. மேலும் அதில் ஒரு தாழ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காயத்திலிருந்து தேறி வரும் பெரிய வீரர்கள்கூட நாலு ஆட்டம் ஆடிப் பார்க்க டி மொயினுக்கு வருவார்கள். அவர்களும் கீழே வந்தவர்கள்தான், ஆனால் அவர்கள்மீது யாரும் அனுப்புரிமையைப் பயன்படுத்தவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அப்புறம், மார்ச் மாதச் சண்டை. நம் குழுவில் பேஸ்பால் பார்க்கிற ஏழெட்டுப் பேரும் ஒவ்வோர் ஆண்டும் கொதிக்கும் விஷயம் இது. கப்ஸின் வசந்தகாலப் பயிற்சி அரிசோனாவின் மேசா நகரில். முதுகில் எழுபது, எண்பது என்று பெரிய எண்களோடு இளைஞர்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒரு பையன் மாதம் முழுக்க வெளுத்து வாங்குவான். கடைசி வாரம் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த இடம் போவது, சுமாராக ஆடிய 28 வயதுக்காரருக்கு. “திறமைக்கு மதிப்பே இல்லையா?” என்று நாம் எழுதித் தள்ளுவோம்.

நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த 28 வயதுக்காரர் அனுப்புரிமை தீர்ந்தவர். அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற 29 அணிகளுக்கும் முன்னால் வைக்க வேண்டும், வேண்டுமென்றவர் எடுத்துக்கொள்வார். பையனை அனுப்பினால் அவன் டி மொயினில் பத்திரமாக இருப்பான், இவரை அனுப்பினால் கைவிட்டுப் போய்விடுவார். அணி இருவரையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த மனிதருக்கோ பெரும்பாலும் அதுவே கடைசி வாய்ப்பு. மூன்று ஆண்டுகள் மேலும் கீழும் அலைந்தவர் அவர். அந்த அலைச்சலுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு, இனி சும்மா அனுப்ப முடியாது என்பதுதான். இந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

கோபம் வருவது வேறோர் இடத்தில். இழையில் ஒருவர், அப்போது கப்ஸில் இருந்த கிரிஸ் பிரையன்ட் கதையை ஆப்ஷனுக்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தார். அதைத் திருத்த வேண்டும். 2015 வசந்தகாலப் பயிற்சியில் பிரையன்ட் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் சீசன் தொடக்கத்தில் அவர் இங்கே அயோவாவில்தான் இருந்தார். அப்போது அவர் நாற்பது பேர் பட்டியலிலேயே இல்லை. அதனால் அவர்மீது அனுப்புரிமை பயன்படவே இல்லை, கீழ்நிலை லீகின் பயிற்சி முகாமுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். அந்த ஆண்டு அவருக்குச் சேர்ந்த பணிக்காலம் 171 நாள். 172 நாள் இருந்தால்தான் முழு ஆண்டு. ஆறு முழு ஆண்டுகள் நிறைந்தால்தான் வீரர் விரும்பிய அணியோடு பேரம் பேச முடியும். ஒரே ஒரு நாள் குறைந்ததால் ஓர் ஆண்டு முழுக்கத் தள்ளிப்போனது. தற்காப்பு ஆட்டம் மேம்பட வேண்டியிருந்தது என்று அணி சொன்னது. அவர் முறையிட்டார், 2020-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. இத்தனைக்கும் 2015-இன் சிறந்த அறிமுக வீரர், 2016-இன் தலைசிறந்த வீரர் அவர்.

நான் பிறவி கப்ஸ் ரசிகன் இல்லை, இந்த ஊருக்கு வந்து ஆனவன். 2016-இல் கப்ஸ் கோப்பை வென்றபோது அழுதவன். ஆனாலும் அந்த ஒரு நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. விதி இடம் கொடுத்தது என்பது உண்மை. ஆடித் தகுதி காட்டிய 23 வயது இளைஞனுக்குச் செய்யும் காரியம் அது இல்லை.

இதனால்தான் சொற்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன். அனுப்புரிமை தீர்ந்தவருக்காக ஓர் இளைஞர் காத்திருப்பது ஒன்று. பணிக்காலத்தில் நாள் குறைப்பதற்காக அவரைக் காக்க வைப்பது வேறொன்று. தமிழில் படிக்கிற ரசிகர் எதற்கு வருத்தப்படுவது, எதற்குக் கோபப்படுவது என்று தெரிந்து பேச வேண்டுமானால் அவர் கையில் இரண்டு சொல் இருக்க வேண்டும். ‘பணிக்காலம்’ நம் அலுவலகங்களில் தினமும் புழங்கும் சொல். புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்.

2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு மருந்து போட்டார்கள். பெயர்பெற்ற இளைஞரைத் தொடக்க நாளிலிருந்தே குழாமில் வைத்து, அவர் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கினால், அணிக்கு இளம் வீரர் தேர்வில் கூடுதலாக ஒரு வாய்ப்பு. சியாட்டிலின் ஹூலியோ ரோட்ரிகஸ் முதல் ஆண்டே அதைப் பெற்றுத் தந்தார். 2025-இல் அட்லாண்டாவின் டிரேக் பால்ட்வின் விருது வாங்கினார். அவருக்குத் தொடக்க நாளில் இடம் கிடைத்தது, முதன்மை கேட்சரின் விலா எலும்பில் விரிசல் விழுந்ததால். ஒருவருடைய விலா எலும்பு இன்னொருவருடைய வாழ்க்கையைத் திறந்துவிட்டது. இளைஞர்கள் போட்டி போடுவது பக்கத்தில் நிற்பவரோடு மட்டும் இல்லை, காயத்தோடும் நாட்காட்டியோடும்தான்.

அனுப்புரிமைக்கு நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் மேட் ஷாவைப் போடுங்கள். 2025 மார்ச்சில் டோக்கியோவில் நடந்த தொடக்க ஆட்டத்தில் கப்ஸுக்காக மூன்றாம் பேஸில் அறிமுகமானார். மட்டை பேசவில்லை. ஏப்ரல் நடுவில் அயோவாவுக்கு அனுப்பினார்கள், மே மாதம் திரும்ப அழைத்தார்கள். இருபது நாளுக்கு மேல் இங்கே இருந்ததால் ஓர் அனுப்புரிமை ஆண்டு செலவு. இங்கே இருந்த நாட்களில் அவர் மட்டை மெல்லத் திரும்பியதை நாங்கள் பார்த்தோம். கீழே அனுப்புவது சில சமயம் வீரருக்கு நல்லதும் செய்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

ரோஸ்டருக்கு யாழ்ப்பாணத்து அண்ணன் தந்த ‘குழாம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இலங்கைப் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்தியில் நெடுநாளாகப் புழங்குவது. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘அணி’ போதும் என்கிறீர்கள். ஆனால் அணி என்றால் கிளப் முழுவதும். 26 பேரை மட்டும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டாமா? ‘இருபத்தறுவர்’ அழகான ஆக்கம்தான். ஆனால் நேற்று 25, செப்டம்பரில் 28 என்று எண் மாறிக்கொண்டே இருக்கும்போது அது நிற்காது. ‘ஆடும் குழாம்’, ‘நாற்பது பேர் பட்டியல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘ரோஸ்டர் ஸ்பாட்’டுக்குக் கலைச்சொல்லே தேவையில்லை. ‘குழாமில் இடம்’ என்றால் முடிந்தது. இடத்துக்குத்தானே இத்தனை போராட்டமும்.

சொல்லடைவுக்கு என் வரைவு:

அனுப்புரிமை – நாற்பது பேர் பட்டியலில் உள்ள ஒரு வீரரை, மற்ற அணிகளின் குறுக்கீடு இன்றிக் கீழ்நிலை லீகுக்கு அனுப்ப அவருடைய அணிக்கு உள்ள உரிமை. பொதுவாக மூன்று சீசன்களுக்குச் செல்லும். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால் ஓர் அனுப்புரிமை ஆண்டு கழியும்.

திரும்ப மேலே கூப்பிடுவதற்கு ‘மீட்டழைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மேலழைப்பு’ என்று இருந்தால் முதல்முறை போகிறவருக்கும் பொருந்துமே? முதல்முறை போகிறவரை எதிலிருந்தும் மீட்பதில்லை. மதுரை நண்பரும் யாழ்ப்பாணத்து அண்ணனும் கருத்துச் சொல்லுங்கள். இன்று இரவு இங்கே ஆட்டம் இருக்கிறது, போய்வந்து நாளை படிக்கிறேன்.

அன்புடன்,
டி மொயினிலிருந்து