எம்ஜிபி: இடது முன்சில்லு பிறேக் பிடிச்சா விடுகுதில்லை, உதவி தேவை

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
அப்பா விட்டுப்போன 1967 எம்ஜிபி, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். கனகாலம் நிண்டதை இப்பதான் ஓடத் தொடங்கியிருக்கிறன். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய் இறங்கி வரேக்க, கோட்டைக்குள்ள மான் குறுக்க வந்து ரெண்டு மூண்டு தரம் பிறேக் பிடிச்சன். கோட்டை வாசல் தாண்டின உடன கார் இடப்பக்கம் இழுத்தது, கருகின மணமும் வந்தது. வீட்டை வந்து பார்த்தா இடது முன்சில்லுக்குக் கிட்ட கை கொண்டுபோக ஏலாத சூடு. வலது சாதாரணம். அரை மணித்தியாலம் விட்டா தானா இளகுது.

போன மாசம்தான் ஒரு கராஜில முன் கலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி) ரெண்டுக்கும் சீல் மாத்தினது. இப்ப மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்க பிறேக் ஒயிலைத் தள்ளுற சிலிண்டர்) மாத்தச் சொல்லினம். அப்பான்ர கார், கண்டபடி சாமான் மாத்த மனமில்லை. எங்க தொடங்கலாம்?

பதில் (திருக்கடலூர்):
ஹான்ட்பிறேக் கேபிள் இறுகியிருக்கும். இளக்கிப் பாரும்.

பதில் (பாலையூற்று):
அண்ணை, எம்ஜிபியில ஹான்ட்பிறேக் பின் டிரம்முக்கு மட்டும்தான். முன்னுக்கு டிஸ்க்.

தம்பி, ஒண்டும் வாங்க முதல் இதைச் செய்யும். சூடு ஆறினாப் பிறகு முன்பக்கத்தை ஜக்கில தூக்கி ஸ்டாண்டில வையும். பிறேக்கை அஞ்சாறு தரம் மிதிச்சு விடும். சில்லு இறுகி நிக்கேக்க கலிப்பர் நிப்பிளை (காத்தெடுக்கிற சின்ன வாய்) கொஞ்சம் இளக்கும். ஒயில் பீறிட்டு, சில்லும் உடன சுத்தினா, உள்ள பிறஷர் அடைபட்டுக் கிடக்கு. நிப்பிளைத் திறந்தும் சில்லு இறுக்கமாவே நிண்டா பிஸ்டன் துருவில சிக்கியிருக்கு. எங்கட உப்புக்காத்துக்கு அதுவும் நடக்கும். ஒயில் பெயின்ற்றில பட்டா உடன தண்ணியால கழுவும், இல்லாட்டி உரிச்சுப் போடும்.

கேட்டவர்:
செய்தன். பீறிட்டது, சில்லு அப்பவே இளகிற்றுது. அப்ப மாஸ்டர் சிலிண்டர்தானே பிழை?

பதில் (பாலையூற்று):
இல்லை. மாஸ்டர் சிலிண்டரில ஒயில் திரும்புற சின்ன ஓட்டை அடைபட்டாலோ, பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில போற கம்பிக்கு இளக்கம் இல்லாட்டிலோ, இடது மட்டும் பிடிக்காது, வலதும் சேர்ந்து பிடிக்கும். உம்மட காரில ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமா இருக்கிறது கலிப்பருக்குப் போற றப்பர் ஹோஸ்.

ஹோஸ் வெளியால வடிவாத்தான் தெரியும். உள்றப்பர் வீங்கியோ கிழிஞ்சோ வழியை மூடியிருக்கும். காலால மிதிக்கிற பலத்துக்கு ஒயில் உள்ள போகும், திரும்பி வர அந்தப் பலம் இல்லை. அதுதான் அரை மணித்தியாலம் எடுக்குது. சீல் மாத்தேக்க ஒயில் ஒழுகாமல் ஹோஸை வைஸ்கிறிப் குறட்டால நெரிச்சவையோ எண்டு கேளும்.

கேட்டவர்:
கேட்டன். ரெண்டு பக்கமும் நெரிச்சவையாம். இடதில பல்லுத் தடமும் கிடக்கு.

பதில் (கிண்ணியா):
அப்ப முன் ரெண்டையும் மாத்துங்க தம்பி, வலதும் அதே அடி வாங்கினதுதானே. கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடினா எடுக்கலாம், ஆனா கடையில நிண்டு பழசின்ர திருகு மரையோட ஒத்துப் பாருங்க. கழட்டேக்க இரும்புப் பைப் நட்டை முதல் இளக்கிப் போட்டு, கடைசியிலதான் ஹோஸைக் கலிப்பரில இருந்து சுழட்டுங்க. மாறிச் செய்தா பைப் முறுகிப் போகும்.

பழைய ஒயிலைத் திருப்பி ஊத்த வேணாம். புது டொட் 4 பிறேக் ஒயில் குறைஞ்சது 230 பாகையில கொதிக்கும். ஈரம் குடிச்சாப் பிறகு 155 பாகையில கொதிச்சாலும் அது டொட் 4தான். பிடிச்ச பிறேக்கோட ஓடி அந்தச் சூடு ஒயிலுக்கு ஏறினா பெடல் தரைக்குப் போயிரும். கழுவ டீசல், எஞ்சின் ஒயில் ஒண்டும் வேணாம், எல்லா சீலும் ஊதிப் போகும். என்ர மொறிஸ் மைனருக்கு ஒரு பெடியன் மண்ணெண்ணெய் விட்டு, நாலு சில்லுக்கும் கப் மாத்தினன்.

கேட்டவர்:
ரெண்டும் மாத்தி, காத்தெடுத்து, நிலாவெளிக்குப் போய் வந்தன். ரெண்டு முன்சில்லும் ஒரே மாதிரி இளஞ்சூடு, இழுவையும் இல்லை. பழைய இடது ஹோஸை வெட்டிப் பார்த்தன். நெரிச்ச இடத்தில உள்றப்பர் நாக்கு மாதிரிக் கிழிஞ்சு தொங்குது. எல்லாருக்கும் நன்றி. பின்னுக்கு இருக்கிறதையும் மாத்தவோ?

பதில் (பாலையூற்று):
மாத்தும். பின் அச்சுக்கு ஒரே ஒரு ஹோஸ்தான். அது அடைச்சா பின்சில்லு ரெண்டும் சேர்ந்து பிடிக்கும்.