அப்ரைசலில் பேச்சுத்திறனுக்கு மதிப்பெண் வேண்டுமா?

கம்பைலர்சாமி:
எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு அப்ரைசல் (பணி மதிப்பீடு) படிவத்தில் ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது. இனி நடக்கப்போவது தெரிந்ததுதான். வாரக் கூட்டத்தில் வாய் ஓயாதவர் மேலே போவார். மூலையில் உட்கார்ந்து நினைவகக் கசிவை, அதாவது நிரல் கணினியின் நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகும் கோளாறை, துரத்திப் பிடித்தவர் இருந்த இடத்திலேயே இருப்பார். நிரல் ஓடுகிறதா என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை. பேச்சை நிறுக்க யாரிடம் தராசு இருக்கிறது?

வெள்ளைப்பலகை:
1999இல் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோன நாசாவின் பருவநிலை ஆய்வுக்கலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. கலத்தைச் செலுத்திய குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். இரண்டு பக்கமும் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஐயா.

கம்பைலர்சாமி:
மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று, இரண்டு மென்பொருள்களும் தரவைப் பரிமாறும் விதத்தைச் சொல்லும் இடைமுக ஆவணத்திலேயே எழுதியிருந்தது. அதை ஒருவர் பின்பற்றவில்லை, சோதனையிலும் யாரும் பிடிக்கவில்லை. இது டெஸ்டிங் கோளாறு. எல்லோருக்கும் மேடைப்பேச்சுப் பயிற்சி கொடுத்திருந்தால் கலம் பிழைத்திருக்குமா?

வெள்ளைப்பலகை:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்ற சந்தேகம் கலத்தைச் செலுத்தியவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. அது முறையான புகாராகப் பதிவாகவில்லை. குழுக்களுக்கு இடையே தொடர்பு போதவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. மேடைப்பேச்சை நான் கேட்கவே இல்லையே!

பாதிநேர மேலாளர்:
நானும் மேலாளர் வர்க்கம்தான். கல்லெறிவதற்கு முன் கேளுங்கள். எனக்கு இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று: “வேலை நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகலாம்.” இதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் நான் என்ன சொல்வது? இன்னொன்று: “வெள்ளிக்கிழமை முடியாது. பணம் திருப்பித் தரும் பகுதியில் ஒரே கோரிக்கை இரண்டு முறை பதிவாகிறது. அதை மட்டும் ஒதுக்கிவைத்தால் மற்றதை வெள்ளியன்றே வெளியிடலாம். முழுவதும் வேண்டுமென்றால் புதன்கிழமை. எது என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.” இதை எழுதியவர் கூட்டத்தில் வாயே திறக்காதவர். இரண்டு எழுத்துப்பிழைகள்கூட இருந்தன. எனக்கு அவர்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குற்றமும் உண்டு. கெட்ட செய்தி கொண்டுவந்தவரை எல்லோர் முன்னிலையிலும் வறுத்தெடுத்தால், அடுத்த மாதம் முதல் நல்ல செய்தி மட்டுமே வரும், வெளியீட்டு நாள் வரைக்கும்.

பூச்சிபிடிப்பவன்:
தாமதம் என்று சொன்ன மறுநாளே நான்கு புதிய ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் மேலாளர்களை என்ன செய்வது? தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச 10 வழிகள். பத்துப் பேர் ஆனால் 45. பயிற்சி வகுப்புக்கு முதலில் அனுப்ப வேண்டியது யாரை?

கம்பைலர்சாமி:
மேலாளரே, அந்த வாய் திறக்காதவருக்கு மதிப்பெண் கிடைத்ததா?

பாதிநேர மேலாளர்:
கிடைத்தது, சண்டை போட்ட பிறகு. “அவரை யாருக்கும் தெரியாதே” என்றார்கள் மற்ற மேலாளர்கள். அந்தச் செய்தியைத் திரையில் போட்டுக் காட்டினேன்.

கம்பைலர்சாமி:
அப்படியானால் மதிப்பெண் வாங்கித் தந்தது நீங்கள், படிவம் அல்ல. நாளை நீங்கள் வேறு குழுவுக்குப் போய்விட்டால் அவர் கதி? என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.

வெள்ளைப்பலகை:
நிற்கட்டும். அதை மனிதவளத் துறைக்கு எழுதினீர்களா? அந்த வரிக்குக் கீழே, ‘பிரச்சினையை முன்கூட்டியே தெரிவித்த ஒரு செய்தியைச் சான்றாக இணைக்கவும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வீரர்கள் எதை இணைப்பார்கள் என்று பார்ப்போம்.

கம்பைலர்சாமி:
இன்னும் எழுதவில்லை. திங்கள் வரை கருத்துச் சொல்லலாம் என்றிருக்கிறார்கள். சான்று கேட்டு எழுதுகிறேன். மேலாளர்களும் அதே சான்றைத் தர வேண்டும் என்று சேர்த்தே எழுதுவேன்.