கூடுதல் அரை ஷிப்ட் காசில் பேரனுக்குக் கம்மல் எடுக்கலாமா?

பனியன்ஊர்_அம்மா (2024 மார்ச் 17, ஞாயிறு)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கைமடிக்கப் போய்ச் சேர்ந்தவள், இப்போது செக்கிங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் ஓடுவது முழுக்கக் குழந்தைத் துணி. பிறந்த குழந்தை முதல் இரண்டு வயது வரை. எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகிறது.

கொஞ்ச நாளாக மனம் ஒரு நிலையில் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைத் துணிக்கு எத்தனை கட்டுப்பாடு என்பது தைக்கிற எங்களுக்குத்தான் தெரியும். கழுத்துப் பக்கம் நாடா கூடாது, இறுக்கிவிடும். அழுத்துப் பட்டனைக் கருவியில் மாட்டிப் பத்து விநாடி இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். மெஷினில் ஊசி உடைந்தால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். துண்டுகளை எல்லாம் பொறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கொடுப்பார்கள். கடுகளவு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுவோம்.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் அப்படித்தான் ஊசி முனை கிடைக்கவில்லை. ஐந்து பேர் மண்டிபோட்டுக் காந்தத்தால் தரையைத் தடவினோம். நாற்பது நிமிடம். கடைசியில் டெய்லர் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் அடியில் குத்திக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு குழந்தையின் தோலில் படாமல் போயிற்றே என்று எல்லோருக்கும் அவ்வளவு நிம்மதி.

அன்று இரவு செல்போனில் ஒரு காட்சி வந்தது. காசாவில் இருக்கிற ராஃபா ஊரில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். குழந்தை போட்டிருந்தது நாங்கள் தைக்கிற மாதிரிச் சட்டை. தலை சுலபமாக நுழைவதற்குத் தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து வருமே, அந்தக் கழுத்து. எனக்குப் பார்த்த உடனே அளவு தெரிந்துவிட்டது. ஆறிலிருந்து ஒன்பது மாதம். கை தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த அளவுக் கட்டு மேசைக்கு வந்தாலே எனக்கு வயிறு பிசைகிறது.

போன வருடம் அக்டோபர் 7 அன்று காசாவிலிருந்து ஹமாஸ்காரர்கள் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒன்பது மாதக் குழந்தையும் உண்டு. அதைக் கேட்டபோதே பதறியது. பிறகு காசாவில் குண்டு விழ ஆரம்பித்து இன்று வரை ஓயவில்லை. பிப்ரவரி கடைசியில் இறந்தவர் கணக்கு 30,000-ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதாரத் துறை சொன்னது. காசா 41 கிலோமீட்டர் நீளம்தான். இங்கிருந்து கோயம்புத்தூர் போகிற தூரம்கூடக் கிடையாது. அதற்குள் இருபது லட்சத்துக்கும் மேல் ஜனம். அதில் கிட்டத்தட்டப் பாதி குழந்தைகள்.

எங்கேயோ நடக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் பெட்டிகள் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் வழியாகப் போகும். அங்கே இந்தப் போரைச் சொல்லி ஏமன் நாட்டு ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்குவதால் டிசம்பரிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பத்துப் பதினைந்து நாள் கூடுதல். சரக்கு வாங்குகிறவர்கள் தேதியை மாற்றவில்லை. நாங்கள்தான் அத்தனை நாள் முன்னதாக முடித்துக் கொடுக்க வேண்டும். ஜனவரியிலிருந்து தினமும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளம் அதற்கேற்ப அதிகம்.

ஏப்ரலில் என் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சிவன்மலையில் மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். அவனுக்கு ஒன்பதாம் மாதம். அந்தக் கூடுதல் சம்பளத்தைச் சேர்த்துத்தான் கம்மலுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். நகைக்கடையில் ரசீதை வாங்கும்போது, இந்தக் காசு எதனால் வந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அதிலிருந்து அந்த ரசீதைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் டி.வி.யை அணைத்துவிட்டு ‘பார்க்காதே’ என்கிறார். பார்க்காவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருக்கிறது. பார்த்தால் மறுநாள் கண் வேலையில் நிற்பதில்லை. போன வாரம் எண்ணெய்க் கறை பட்ட இரண்டு பீஸை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், பேக்கிங்கில் பிடித்தார்கள். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஆனதில்லை.

பத்திரிகை அடிக்க வேண்டும், சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மனதோடு நாளை ஓட்டியவர்கள் இங்கே இருந்தால், எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.

---

ஈரோட்டுக்_கடைக்காரன் (மார்ச் 17)

அம்மா, வருத்தப்படாமல் கேளுங்கள். நீங்கள் சாப்பிடாமல் இருந்தால் அங்கே ஒரு குண்டு குறையப்போவதில்லை. ஒன்றரை ஷிப்ட் உழைத்த காசு உங்கள் உழைப்பின் காசு. எங்கள் அம்மா ரஷ்யா-உக்ரைன் சண்டை ஆரம்பித்தபோது இரவு முழுவதும் செய்தி பார்த்து ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் படுத்தார். நாங்கள் கேபிளையே துண்டித்தோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. பேரன் காதுகுத்தை நிறைவாகச் செய்யுங்கள்.

---

கடலோடி_முத்துநகர் (மார்ச் 17, இரவு)

அக்கா, நான் தூத்துக்குடிக்காரன், கண்டெய்னர் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை. ஜனவரியில் கொழும்பில் ஏற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ரோட்டர்டாம் போன கப்பலில் இருந்தேன். உங்கள் கைபட்ட சட்டைகள் என் தலைக்கு மேலே அடுக்கியிருந்த பெட்டிகளில்கூட இருந்திருக்கலாம். பொங்கல் அன்று தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடல் கொந்தளிப்பு. அடுப்பில் பானை நிற்காது என்று குக்கரில் பொங்கினோம்.

செங்கடலின் தெற்கு வாயிலுக்கு பாப் எல் மண்டப் என்று பெயர். அரபியில் கண்ணீர் வாசல். என் அம்மாவுக்கு இப்போது அந்தப் பெயர் மனப்பாடம். இந்த மாதம் 6-ஆம் தேதி ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் ஏவுகணை விழுந்து மாலுமிகள் மூன்று பேர் போய்விட்டார்கள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா 21 பேரை மீட்டது. அன்றைக்கு நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிற என்னை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் தலைமைப் பொறியாளர் ஒடெசாக்காரர், உக்ரைன். இரண்டாம் அதிகாரி ரஷ்யர். 2022-லிருந்து இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். ஊரைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை, ஆனால் உப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பொறியாளர் காலையில் சுற்று வரும்போது ஒவ்வொரு பம்பின் மேலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அளக்கும் கருவி எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் தொடுவார். வீட்டிலிருந்து தகவல் வராத நாளில் இரண்டு சுற்று வருவார். ஒருமுறை நான் கேட்டேன், இப்படி எப்படி வேலை ஓடுகிறது என்று. ‘செய்தியைக் கட்டிலுக்குக் கொண்டு போகாதே, யாராவது கூட இருக்கும்போது பார்’ என்று மட்டும் சொன்னார்.

கப்பலில் நாலு மணி நேரக் காவல் முடிந்தால், அடுத்தவர் வந்து குறிப்பேட்டைப் படித்து, எது சரியாக ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது என்று எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் நாம் மேலே ஏற வேண்டும். ஒப்படைத்துவிட்டால் தூக்கம் வரும். நீங்கள் இரவில் தனியாகப் பார்த்துவிட்டு யாரிடமும் ஒப்படைக்காமல் படுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு நேரம் வையுங்கள், ஒரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

வன்னிமண் (மார்ச் 18)

வணக்கம் அக்கா. நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். 2009-இல் இலங்கையில் வன்னிப் போர் நடந்தபோது நான் மற்றப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் வீட்டுப் போர்தான் அப்போது மற்றவர்களுக்குத் தூரத்துச் செய்தி.

என் அக்கா இரண்டு பிள்ளைகளுடன் புதுக்குடியிருப்பில் இருந்தார். ஜனவரியில் ஒருமுறை கதைத்தது, பிறகு தொடர்பு இல்லை. பெப்ரவரியில் அங்கே ஆஸ்பத்திரி மீதே எறிகணை விழுந்தது என்ற செய்தியை, பாண் (ரொட்டி) பொதி செய்யும் வேலைத்தளத்தில் இடைவேளையில் கேட்டேன். பத்து நிமிட இடைவேளை. முடிந்ததும் மணி அடித்தது, திரும்பிப் போய்ப் பாணைப் பையில் போட்டேன். கை தானாகவே செய்தது. அதற்காகப் பல வருடம் என்னையே வெறுத்தேன்.

மே 10, இங்கே அன்னையர் தினம். போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தோமே, அதில் நானும் நின்றேன். நள்ளிரவுதான் இறங்கினோம். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வேலை. போனேன். போகாவிட்டால் வாடகை கட்ட முடியாது. அக்கா உயிரோடு வந்தால் அனுப்பக் காசும் வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் வேலை செய்தவர் ஒரு பிலிப்பீன்ஸ் பெண். அவருக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. முதல் நாள் அக்காவின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டு, உச்சரிக்கப் பழகிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு காலையும் தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு அந்த மூன்று பெயரையும் சொல்லி, ஏதும் தகவல் வந்ததா என்று கேட்பார். அவ்வளவுதான். ஏப்ரலில் அவருடைய மகனுக்குப் பிறந்தநாள். கேக் கொண்டுவந்து எனக்குத் தரக் கூச்சப்பட்டு ஒளித்து வைத்திருந்தார். நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவருடைய பிள்ளை வளர்வது எனக்கு ஒருபோதும் வலிக்கவில்லை, அக்கா. எங்கள் பிள்ளைகளை ஒருவரும் கேட்காததுதான் வலித்தது.

ஜூனில் அக்கா போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் இருப்பதாகத் தெரிய வந்தது. சின்னவன் கூட இருந்தான். மூத்த பிள்ளை இல்லை.

காதுகுத்தை நிறுத்தாதீர்கள்.

---

பனியன்ஊர்_அம்மா (மார்ச் 20)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டுத் தம்பி, உங்கள் அம்மா இப்போது நலமா? நான் முழுவதும் அணைத்துவிடவில்லை. அணைத்தால் எனக்குத் தூக்கம் இன்னும் கெடும். ஆனால் கடலோடித் தம்பி சொன்னதைச் செய்து பார்க்கிறேன்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு இப்போது நோன்பு. நான் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வரும்போது தூக்குப்போசியில் கஞ்சி எடுத்து வைத்திருப்பார். இரண்டு நாளாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துக்கொண்டே, இரண்டு பேருமாக ஒரு செல்போனில் செய்தி பார்க்கிறோம். கால் மணி நேரம். வானத்திலிருந்து பாராசூட்டில் உணவு போடுவதைக் காட்டினார்கள். அக்கா அழுதார், நானும் அழுதேன். பிறகு போனை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நேற்று இரவு நான்கு மணி நேரமாவது தூங்கியிருப்பேன்.

ஒரு வாரத்துக் கூடுதல் சம்பளத்தை யுனிசெஃப்புக்கு என் மகன் செல்போனிலேயே அனுப்பிக் கொடுத்தான். மிச்சத்தில் கம்மல் எடுக்கிறேன். பத்திரிகையும் அடிக்கக் கொடுத்தாயிற்று.

ரொறன்ரோ தங்கச்சிக்கு ஒன்று. உன் பதிலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த பிலிப்பீன்ஸ் அம்மா கேட்டது போல நானும் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்து, கேட்கலாமா கூடாதா என்று தயங்கினேன். சொல்ல மனம் இருந்தால் மட்டும் சொல். அக்காவின் மூத்த பிள்ளைக்கு என்ன பெயர்? சிவன்மலையில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறேன்.